எஞ்சின் அறையில் வேலை செய்தவர் கடத்தல்காரரா? எம்.வி. சன் சீ கப்பலும் கனடாவின் எல்லைச் சட்டமும்

2010 ஓகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. வன்கூவர் தீவில் உள்ள எஸ்குவிமோல்ட் கடற்படைத் தளத்துக்குள், கனடியப் போர்க்கப்பலின் காவலோடு எம்.வி. சன் சீ என்ற பழைய சரக்குக் கப்பல் வந்து நின்றது. 60 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளம். அதற்குள் 492 ஈழத்தமிழர்: 380 ஆண்கள், 63 பெண்கள், 49 சிறுவர்கள். தாய்லாந்துப் பக்கத்திலிருந்து பசிபிக்கைக் கடந்து வந்திருந்தார்கள். வழியில் ஒருவர் இறந்துபோனார்.

கப்பல் வந்த கதை பலருக்கும் தெரியும். அதன் பின்னால் ஐந்து ஆண்டுகள் நடந்த சட்டப் போராட்டம் அந்த அளவுக்குத் தமிழில் எழுதப்படவில்லை. இந்தப் போராட்டத்தின் நடுவில் நின்றது ஒரு கேள்வி: கப்பலோட்டிகள் நடுவழியில் கைவிட்டுப் போன கப்பலை, பயணிகளே ஓட்டிக் கரை சேர்த்தால், அந்தப் பயணிகள் கடத்தல்காரர் ஆவார்களா? ஆவார்கள் என்றது கனடிய அரசு. அந்த ஒரு சொல்லில் எத்தனை குடும்பங்களின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, சட்டத்தின் கணுக்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சொல்லைப் பற்றி. தமிழ்ப் பத்திரிகைகள் ஆளைத் தூக்கிக்கொண்டு போவதையும் ஆட்கடத்தல் என்கின்றன. ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய் அடிமையாக்குவதையும், காசு வாங்கிக்கொண்டு, வர விரும்பியவரைக் களவாக எல்லை தாண்டவைப்பதையும் அதே சொல்லால்தான் எழுதுகின்றன. சட்டத்தில் இவை மூன்றும் வெவ்வேறு குற்றங்கள். சன் சீ வழக்கு மூன்றாவதைப் பற்றியது மட்டுமே. இந்தக் கட்டுரையில் கடத்தல் என்று வரும் இடமெல்லாம் அந்தப் பொருளிலேயே வருகிறது.

கப்பலில் நடந்தது

ஏஜென்சிக்காரர்கள் ஆளுக்கு 20,000 முதல் 30,000 டொலர் வரை பேசியிருந்தார்கள். நடுத்தரமாக 25,000 என்று வைத்துக்கொண்டாலும் 492 பேருக்கு ஒரு கோடி இருபது லட்சம் டொலருக்கு மேல் வருகிறது. அந்தப் பேச்சில் தாய்லாந்துக் கப்பலோட்டிகள் கனடா வரை ஓட்டுவார்கள் என்பதும் இருந்தது. கப்பல் புறப்பட்ட பிறகு அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். கப்பலில் வந்தவர்களில் பன்னிரண்டு பேர் ஓட்டும் வேலையைக் கையில் எடுத்தார்கள்.

நீதிமன்ற ஆவணங்களில் இவர்களுக்குப் பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும்தான். பி010 என்பவர் நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு மூன்று மணி நேரம் எஞ்சின் அறையில் நின்று வெப்பநிலை, தண்ணீர், எண்ணெய் அளவுகளைப் பார்த்தார். ஜே.பி. என்பவர் ரேடாரும் ஜி.பி.எஸ்.ஸும் பார்த்து வழி சொல்ல உதவினார். பி306 சமையலில் கைகொடுத்தார். வேறு கப்பல்கள் தென்படுகின்றனவா என்று தொலைநோக்கியால் பார்த்தார். பதிலுக்குக் கொஞ்சம் கூடுதல் சாப்பாடு கிடைத்தது. எஞ்சினில் எண்ணெய் வற்றினால் நடுக்கடலில் கப்பல் நிற்கும். அதில் 49 பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நிலையில் எவரும் செய்யக்கூடிய வேலைதான் இது என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியும். குடிவரவுச் சட்டத்தின் 37ஆம் பிரிவு அப்படிப் பார்க்கவில்லை.

திருப்பி அனுப்ப ஏன் முடியாது

கப்பல் வந்த நாட்களில் கனடிய வானொலிகளில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. 1914இல் கோமகதா மாரு கப்பலில் வந்த 376 பேரை, இருபத்து நான்கு பேரை மட்டும் இறக்கிவிட்டு, இரண்டு மாதம் வன்கூவர் துறைமுகத்தில் தடுத்துவைத்துத் திருப்பியனுப்பினார்கள். 2010இல் அது முடியாமல் போனதற்குக் காரணம் 1985இல் உச்ச நீதிமன்றம் அளித்த சிங் தீர்ப்பு. கனடிய மண்ணில் நின்று அகதி என்று சொல்பவருக்கு, அவர் வெளிநாட்டவரே ஆனாலும், உயிர், சுதந்திரம், பாதுகாப்பு ஆகியவற்றைக் காக்கும் கனடிய உரிமைச் சாசனத்தின் 7ஆம் பிரிவு பொருந்தும். நேரில் கேட்காமல் அவர் கோரிக்கையை முடிக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

வேறொரு நாட்டில் போய்க் கோரிக்கை வைக்கச் சொல்லும் வழியும் இருக்கவில்லை. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான பாதுகாப்பான மூன்றாம் நாட்டு உடன்பாடு 2004 டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்தபோது தரைவழி எல்லைச் சாவடிகளுக்கு மட்டுமே பொருந்தியது. கப்பல் புறப்பட்ட தாய்லாந்தோ 1951 அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடாத நாடு.

ஆக, கரைக்கு வந்தவரைக் கேட்டே ஆக வேண்டும். அரசுக்கு மிச்சமிருந்தது இரண்டு கருவிகள்: தடுப்புக்காவல், தகுதியின்மை (கனடாவில் இருக்கத் தகுதியற்றவர் என்று முத்திரை குத்துவது). இரண்டையும் முழு நீளத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

தடுப்புக்காவல்: மணிக்கணக்கும் நாட்கணக்கும்

ஆண்களை மேப்பிள் ரிட்ஜில் உள்ள ஃபிரேசர் சிறைக்கும், பெண்களை அருகிலுள்ள அலுவெட் பெண்கள் சிறைக்கும், பிள்ளைகளோடு வந்த தாய்மாரை பர்னபி இளையோர் காவல் நிலையத்துக்கும் அனுப்பினார்கள். குடிவரவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, தடுத்துவைக்கப்பட்டவரின் காவலை 48 மணி நேரத்துக்குள், குடிவரவு விசாரணை மன்றமான குடிவரவுப் பிரிவின் உறுப்பினர் ஒருவர் மீளாய்வு செய்ய வேண்டும். அதன் பின் ஏழு நாளுக்குள் ஒரு முறை, பிறகு 30 நாளுக்கு ஒரு முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 443 பெரியவர்கள், ஒருவரும் விடுதலையாகவில்லை என்றால் முதல் 39 நாளுக்குள் 1,300க்கும் மேற்பட்ட அமர்வுகள். ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பாளர், சட்டத்தரணி, அமைச்சின் பிரதிநிதி, உறுப்பினர் வேண்டும். அடுத்து வந்த சட்டத்திருத்தம் ஏன் இந்த மீளாய்வுகள் மீதே கைவைத்தது என்பதற்கு இந்த எண்ணிக்கை போதும்.

58ஆம் பிரிவில் அப்போது தடுத்துவைக்க நான்கு காரணங்கள் இருந்தன: பொதுமக்களுக்கு ஆபத்து, தப்பி ஓடக்கூடும் என்ற ஐயம், பாதுகாப்புக் காரணங்களை விசாரிக்க வேண்டியிருப்பது, அடையாளம் உறுதியாகாமை. சன் சீயில் பெரிதும் கைக்கொள்ளப்பட்டது கடைசிக் காரணம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. அடையாளம் உறுதியாகிவிட்டதா என்று தீர்மானிப்பவர் மீளாய்வு உறுப்பினர் இல்லை. அது அமைச்சரின் கருத்து. அடையாளத்தை உறுதிசெய்ய அமைச்சர் நியாயமான முயற்சி எடுத்துவருகிறாரா என்பதை மட்டுமே உறுப்பினர் பார்க்கலாம். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்று மூன்றையும் ஒருவர் மேசையில் வைத்தாலும், அவை உண்மையானவையா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அமைச்சின் ஆள் சொன்னால் அடுத்த 30 நாள். விடுதலை உத்தரவு கிடைத்தவர்கள் சிலரையும் விடவில்லை. அரசு சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவை நிறுத்திவைக்கக் கேட்டது.

இந்த இறுக்கத்துக்கு முன்கதை உண்டு. 2009 ஒக்டோபரில் ஓஷன் லேடி என்ற கப்பலில் 76 தமிழ் ஆண்கள் இதே கரைக்கு வந்தார்கள். சில மாதங்களில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் இரண்டாவது கப்பல் வந்தது என்று அரசு கருதியது. இம்முறை காவலை நீட்டுவதும், எந்தப் பிரிவிலாவது தகுதியின்மை காட்டுவதும், அடுத்து வர நினைப்பவரைப் பயமுறுத்தும் வழியாகவே கையாளப்பட்டன. அடையாளம் பார்ப்பதற்காகச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பாடம் புகட்டுவதற்காகப் பயன்படுத்தியது இந்த வழக்கின் முதல் பெரிய பிழை என்பது எமது உறுதியான கருத்து. போர் முடிவில் வன்னி மக்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவரை மறுபடி கம்பிக்குள் வைத்தால் அவர் மனதுக்கு என்ன ஆகும் என்று எவரும் கேட்கவில்லை.

அடையாள அட்டையில் ஒரு நாள் பிசகு

அடையாளம் பார்ப்பது எங்கே சிக்கும் என்பதற்கு ஒரு சிறு காட்டு. அக்காலத்து இலங்கை அடையாள அட்டையில், நம் ஆட்கள் ஐ.சி. என்று சொல்வதில், ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 82 என்று தொடங்கி அடுத்து 315 என்று வந்தால் 1982இல் பிறந்த ஆண்; 815 என்று வந்தால் அதே நாளில் பிறந்த பெண்.

பிசகு எங்கே வருகிறது? இந்த எண் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணுகிறது. ஆகவே 315 என்பது நவம்பர் 10. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் 1982இல் 315ஆவது நாள் நவம்பர் 11. இதை அறியாத அதிகாரி பிறப்புச் சான்றிதழில் நவம்பர் 10 என்று பார்த்தால், இரண்டு ஆவணமும் ஒத்துப்போகவில்லை என்று எழுதிவிடுவார். மார்ச் முதல் டிசம்பர் வரை, நெட்டாண்டு அல்லாத ஆண்டில் பிறந்த எவருக்கும் இது நேரலாம். இப்படி ஒரு குறிப்பு கோப்பில் ஏறினால் அதைக் கழுவ மாதங்கள் ஆகும்.

பெயரும் அப்படித்தான். கந்தையாவின் மகன் சிவகுமார் ஓரிடத்தில் கந்தையா சிவகுமார், இன்னோரிடத்தில் கே. சிவகுமார், கனடியப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டத்தில் கந்தையா. ஒரே ஆளுக்கு மூன்று பெயர் என்று கணினி சொல்லும். அப்பாவின் பெயரே முதலெழுத்தாக நிற்கும் வழக்கத்தை முதல் நேர்காணலிலேயே விளக்கி, அதை எழுத்தில் பதியவைப்பது அவசியம். வன்னியிலிருந்து பலமுறை இடம்பெயர்ந்தவரிடம் மூலப் பிரதி இருக்காது. ஊரில் இருக்கும் உறவினர் வழியாகப் பிறப்புப் பதிவின் புதிய பிரதி, கிராம சேவகரின் கடிதம், பள்ளி விலகல் சான்றிதழ், குடும்ப அட்டைப் பிரதி என்று சேர்த்து, எல்லாவற்றிலும் ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டு வருகிறதா என்று பார்த்து அனுப்பவேண்டும். உறவினர் யாரையாவது கூப்பிட்டு அனுப்பச் சொல்லும்போது, ஊரில் விசாரணை அதிகாரிகளின் கவனம் அவர் பக்கம் திரும்பாத மாதிரி செய்யவும் வேண்டும்.

37ஆம் பிரிவு

இப்போது எஞ்சின் அறைக்கு வருவோம். கனடிய குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 37(1)(ஆ) பிரிவு, எல்லை கடந்த குற்றத்தின் பின்னணியில் ஆட்களைக் களவாகக் கொண்டுவரும் செயலில் ஈடுபட்டவரைத் தகுதியற்றவர் ஆக்குகிறது. இந்த முத்திரை விழுந்தால் அகதிக் கோரிக்கை, அதை விசாரிக்கும் மன்றமான அகதிப் பிரிவுக்கே போகாது. சொந்த நாட்டில் உயிராபத்து இருக்கிறதா என்று யாரும் முழுமையாகக் கேட்கமாட்டார்கள். நாடுகடத்தும் முன் நடக்கும் குறுகிய ஆபத்து மதிப்பீடு மட்டும் மிஞ்சும். கூட வந்த குடும்பத்தினரையும் முத்திரை தொடரும்; ஜே.பி.யின் மனைவி கப்பலில் எந்த வேலையும் செய்யாவிட்டாலும், கணவர் தகுதியற்றவர் என்பதால் தானும் தகுதியற்றவர் ஆனார்.

அரசின் வாதம் எளிது. பிரிவில் இலாபம் என்ற சொல் இல்லை. ஆட்கள் களவாக வர உதவியிருக்கிறார், அது போதும். குடிவரவுப் பிரிவு இதை ஏற்றது. சமஷ்டி நீதிமன்றத்தில் நீதிபதிகள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். 2013இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. இந்தக் கட்டத்தில் பி010 தோற்றுப்போனவர்.

2015 நவம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. தலைமை நீதிபதி பெவர்லி மெக்லாக்லின் எழுதிய தீர்ப்பின் நடை கவனிக்கத் தக்கது. பிரிவு எல்லை கடந்த குற்றம் என்று சொல்கிறது. அதன் வேர் 2000ஆம் ஆண்டின் ஐ.நா. ஆட்கடத்தல் நெறிமுறையில் இருக்கிறது. அந்த நெறிமுறை, நிதி அல்லது வேறு பொருள் ஆதாயத்துக்காகச் செய்வதையே குற்றமாக்குகிறது. 1951 அகதிகள் சாசனத்தின் 31ஆம் பிரிவோ, அகதி களவாக வந்தார் என்பதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. ஆகவே ஒழுங்கமைக்கப்பட்ட குற்றத்தின் பின்னணியில், நேராகவோ சுற்றியோ ஆதாயம் தேடி உதவியவருக்கு மட்டுமே 37(1)(ஆ) பொருந்தும். சேர்ந்து தப்பி வரும்போது ஒருவருக்கொருவர் கைகொடுப்பது அதற்குள் வராது. உயிர் தப்புவது பொருள் ஆதாயம் ஆகாது. வழக்குகள் மறுபரிசீலனைக்குத் திரும்பின.

எஞ்சின் அறையில் நின்றவர் ஐந்து ஆண்டுகள் கழித்து, தன் கதையைச் சொல்ல மறுபடி வரிசையில் நிற்கும் உரிமையைப் பெற்றார். அவ்வளவுதான் வெற்றி. அந்த ஐந்து ஆண்டில் ஊரில் இருந்த மனைவியையோ பிள்ளையையோ கூப்பிடும் வழி அவர் போன்றவர்களுக்கு இல்லை.

அதே நாளில் வந்த இரண்டாவது தீர்ப்பு ஓஷன் லேடியில் வந்தவர்கள் மீதான குற்ற வழக்கைப் பற்றியது. அங்கே 117ஆம் பிரிவு. பத்துப் பேரையோ அதற்கு மேலோ கொண்டுவந்தால் ஆயுள் தண்டனையும் பத்து லட்சம் டொலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. அந்தப் பிரிவு வாசகப்படி பிடித்தால் அகதிக்கு உதவும் தேவாலயத்தாரும், அண்ணனைக் கூட்டிவரும் தம்பியும் குற்றவாளிகள். சட்டமா அதிபரின் சம்மதம் இல்லாமல் வழக்குப் போட முடியாது என்பதே போதிய காப்பு என்றது அரசு. வழக்குப் போடாமல் விடுவார்கள் என்ற நம்பிக்கை சட்டத்தின் அகலத்தைக் குறைக்காது என்று நீதிமன்றம் சொல்லி, மனிதாபிமான உதவி, அகதிகளுக்கிடையேயான பரஸ்பர உதவி, குடும்ப உதவி மூன்றுக்கும் பிரிவு பொருந்தாது என்று சுருக்கியது. 2017இல் ஓஷன் லேடி வழக்கில் நால்வரும் விடுதலையானார்கள்.

கப்பல் தானே ஆபத்தாக மாறியபோது

அகதிப் பிரிவுக்குப் போன மற்றவர்களின் கோரிக்கைகளில் வேறொரு சிக்கல். கப்பல் கடலில் இருந்த 2010 ஜூலை 5ஆம் தேதிதான் ஐ.நா. அகதிகள் ஆணையம் இலங்கை பற்றிய வழிகாட்டலை மாற்றியது. வடக்குத் தமிழர் என்ற காரணத்தால் மட்டுமே ஒருவரை அகதியாகக் கருதும் முன்னைய நிலைப்பாடு அதோடு போனது. இனி ஒவ்வொருவரும் தன் சொந்த ஆபத்தைக் காட்டவேண்டும்.

அப்போது எழுந்த வாதம்: இந்தக் கப்பலைப் புலிகளோடு தொடர்புள்ள கப்பல் என்று கனடிய அமைச்சர் விக் டோவ்ஸ் உலகுக்கே சொல்லிவிட்டார், 2006 முதல் புலிகள் கனடாவில் தடைசெய்யப்பட்ட அமைப்பு, இதில் வந்தவர் திரும்பிப் போனால் கட்டுநாயக்கவில் இறங்கும்போதே ஐயத்துக்குரியவர். அதாவது, ஊரைவிட்டு வந்த பிறகு உண்டான ஆபத்து. பல உறுப்பினர்கள் இதை ஏற்றார்கள். ஆனால் சன் சீ பயணிகள் என்பதே ஒரு சமூகக் குழு என்று சொல்லி ஏற்ற தீர்ப்புகளைச் சமஷ்டி நீதிமன்றம் 2012இல் தவறென்றது. கப்பலில் ஏறியது ஒரு குழுவின் அடையாளம் ஆகாது. தமிழர் என்ற இனமும், புலி என்று சுமத்தப்படும் அரசியல் கருத்தும், கப்பலும் சேர்ந்து ஆபத்தைத் தருகின்றன என்று எழுதிய தீர்ப்புகள் நின்றன. ஒரே உண்மை, ஒரே ஆபத்து. காரணத்தை எந்தப் பெட்டியில் போட்டோம் என்பதில் ஒருவர் நின்றார், ஒருவர் விழுந்தார்.

சட்டம் மாறியது

கப்பல் வந்த இரண்டே மாதத்தில், 2010 ஒக்டோபரில், ஆட்கடத்தலைத் தடுக்கவென்று சி-49 என்ற மசோதா வந்தது. தேர்தலால் அது இறந்தது. 2011 ஜூனில் சி-4 ஆகத் திரும்பியது. அதில் ஓராண்டு வரை மீளாய்வே இல்லாத தடுப்புக்காவல் இருந்தது. வெளிநாட்டவரை 120 நாள் மீளாய்வின்றி வைப்பதே உரிமைச் சாசனத்துக்கு முரண் என்று 2007இல் ஷார்காவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால், அந்த ஓராண்டு நிற்காது என்பது சட்டம் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் சி-31இல் அது சுருங்கி, 2012 ஜூன் 28இல் சட்டமானது. வெளிநாட்டில், முன்னாள் உளவுத்துறைத் தலைவர் வார்ட் எல்காக் தலைமையில், கப்பல்கள் புறப்படும் துறைகளிலேயே தடுக்கும் வேலை நடந்தது. 2011 ஜூலையில் 87 ஈழத்தமிழரோடு அலிசியா என்ற கப்பலை இந்தோனேசியா மறித்தது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1986 ஓகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் கஸ் டால்ட்டனும் சக மீனவர்களும் மீட்டார்கள். அவர்களுக்கு அமைச்சரின் அனுமதிப் பத்திரம் சில நாட்களில் கிடைத்தது. அதே நாடு, அதே மக்கள், 24 ஆண்டு இடைவெளி.

புதிய 20.1ஆம் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வந்தவர்களின் அடையாளத்தை உரிய நேரத்தில் பார்க்க முடியாது என்று தோன்றினாலோ, இலாபத்துக்கான கடத்தல் என்று ஐயம் இருந்தாலோ, அமைச்சர் ஒரு கூட்டத்தையே ஒழுங்கற்ற வருகை என்று அறிவிக்கலாம். அதன் பின், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் கட்டாயக் காவல். முதல் மீளாய்வு 14 நாளில், அடுத்தது ஆறு மாதம் கழித்து. அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் வழி இல்லை. அகதி என்று ஏற்ற பிறகும் ஐந்து ஆண்டுக்கு நிரந்தர வதிவிடம் கேட்க முடியாது. ஆகவே மனைவி பிள்ளைகளைக் கூப்பிடவும் முடியாது. கப்பலை நினைத்து எழுதிய இந்தப் பிரிவு முதன்முதலில் 2012 டிசம்பரில் விழுந்தது கப்பலில் வந்தவர் மேல் அல்ல. கியூபெக்கின் ஸ்டான்ஸ்டெட் வழியாக வாகனங்களில் வந்த ருமேனியர் 85 பேர் மேல் விழுந்தது; அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இனி ஒரு கூட்டம் இப்படி அறிவிக்கப்பட்டால் 14ஆம் நாள் மீளாய்வுதான் ஆறு மாதத்துக்கு ஒரே வாசல். பழைய முறையில் 48 மணி நேரத்தில் தவறியதை ஏழாம் நாளிலும், ஏழாம் நாளில் தவறியதை முப்பதாம் நாளிலும் சரிசெய்யலாம். அந்த வாய்ப்பு இப்போது இல்லை. ஆகவே முதல் மூன்று நாளுக்குள் ஊரிலிருந்து பிறப்புப் பதிவும் கிராம சேவகர் கடிதமும் கேட்டுவிட வேண்டும். அடையாள எண்ணின் நாள் கணக்கை ஒரு தனித்தாளில் எழுதி இணைக்க வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டை முதல் படிவத்திலேயே முடிவுசெய்து பிறகு மாற்றக்கூடாது. பிணைக்கு நிற்கும் உறவினரின் வருமான அத்தாட்சியும் முகவரியும் பத்தாம் நாளுக்குள் சட்டத்தரணியின் கையில் இருக்கவேண்டும். பயணத்தில் சமைத்தவர், தண்ணீர் இறைத்தவர், எஞ்சின் பார்த்தவர் என்று எவரையும் முதல் நேர்காணலில் கேட்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். கூடவே, யாரிடமிருந்தும் அதற்குக் காசு வாங்கவில்லை, கடத்தியவர்களின் கூட்டத்தில் தான் ஒருவர் இல்லை, கப்பல் நிற்காமல் இருக்கவே செய்தேன் என்ற மூன்றையும் அதே அமர்வில் பதியவைக்க வேண்டும். 2015 தீர்ப்பு பாதுகாப்பது அந்த மூன்று வாக்கியங்களை.